கம்பி எங்கே தொடுகிறது?

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியபோது அரிவாள்மனை கூடவே ஏறவில்லை. மீன் ஆயவும் தேங்காய் திருவவும் மட்டும் அது மூலையிலிருந்து வெளியே வருகிறது. சீனியவரை, வாழைக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாம் இப்போது கத்திக்குத்தான். அரிவாள்மனை மழுங்கினால் கொல்லர் பட்டறை இருந்தது. சைக்கிளில் சாணைச் சக்கரம் பூட்டிக்கொண்டு தெருவில் குரல் கொடுத்து வருகிறவரும் இருந்தார். அவர் வருவது அரிதாகிவிட்ட இந்த நாளில் பாத்திரக்கடை வழியாகவும் ஆன்லைன் வழியாகவும் வீடுகளுக்குள் வந்திருப்பது தீட்டுகம்பி. பிடி போட்ட ஒரு முழ நீளக் கம்பி. கறிக்கடையில் பாய் இடுப்பில் தொங்கவிட்டிருப்பாரே, அதே வகை.

வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் அது ஆணியில் தொங்குகிறது. "எக்கா, தீட்டித் தீட்டி கைதான் கடுக்கு. கத்தி தக்காளித் தோலுல வழுக்கிட்டுப் போவுது" என்று ஒரு பெண் சொல்ல, "சாணைக்காரர் வந்தா குடுத்துருவோம், விடு தாயி" என்று மற்றவர் ஆறுதல் சொல்லும் பேச்சைத் தாமிரபரணிக் கரையில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். கம்பி மட்டம் என்றோ, கத்தி மட்டம் என்றோ முடிவுகட்டி, அடுத்து இன்னொரு கருவி வாங்கப் போகிறார்கள்.

அந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. கத்தியும் சரியாகவே இருக்கும், கம்பியும் சரியாகவே இருக்கும். கத்தியின் வாயைக் கம்பி தொட்டிருக்காது, அவ்வளவுதான். தீட்டுவதில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசியை இந்த ஒரு கேள்வியே பிடித்துவிடும்: கம்பி எங்கே தொடுகிறது?

அதற்கு முதலில் வாய் எது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கத்தியை முதுகு கீழே, வாய் மேலே இருக்கும்படி ஜன்னல் வெளிச்சத்திலோ டியூப்லைட்டுக்கு அடியிலோ பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே பரப்பே இல்லை. மழுங்கிய வாயில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். சில கத்திகளில் கோடு முழுநீளத்துக்கும் ஓடும். சிலவற்றில் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் மட்டும் மின்னும், ஏனென்றால் வெங்காயமும் காயும் நறுக்கும்போது வேலை செய்வது அந்த இடம்தான். நுனியும் அடியும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். தீட்டுவதற்கு முன் ஒரு தடவை, தீட்டிய பின் ஒரு தடவை இப்படிப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். கோடு மறையவில்லை என்றால் இரும்பு வேறெங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோடு எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஜான் வெர்ஹோவன், தீட்டிய கத்திகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2004இல் ஓர் அறிக்கை எழுதினார். சவர பிளேடின் வாய் அகலம் அரை மைக்ரான் அளவில் இருக்கிறது என்பது அதில் வருகிறது. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அத்தனை மெல்லிய ஓரத்தைத்தான் நாம் கம்பியில் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கிறோம்.

அவ்வளவு மெல்லியது என்பதால்தான் மெத்தென்ற காய்கூட அதை மழுக்கிவிடுகிறது. முடியை மழிக்கும் பிளேடு ஏன் மழுங்குகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜியான்லூகா ரோஷோலி, சி. செம் தாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் அது வந்தது. எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மிருதுவானது. ஆனாலும் முடி வளைந்து ஒரு சாய்வில் மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வாயிலிருந்து சில்லு தெறிக்கிறது என்று நேரில் படம்பிடித்துக் காட்டினார்கள். தேய்மானம் மட்டும் இல்லை, உடைவதும் மடங்குவதும் சேர்ந்துதான் மழுங்கல்.

சாய்ந்த வாயையும் தேய்ந்து உருண்ட வாயையும் பிரித்துப் பார்க்காததுதான் முதல் ஏமாற்றத்துக்குக் காரணம். கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பி, நீளவாக்கில் வரி ஓடிய, குரோமியம் பூசிய எஃகுக் கம்பி. அது கத்தியைவிடச் சற்றுக் கடினமானது, அவ்வளவுதான். இரும்பைப் பெரிதாகச் சுரண்டி எடுக்காது. மடிந்துபோன சேலைக் கரையை விரலால் நீவிவிடுவது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்த வாயை நிமிர்த்திவிடுவதே அதன் வேலை. கறிக்கடையில் அது அற்புதம் செய்கிறதே என்றால், அங்கே கத்தி ஒருபோதும் மழுங்கவிடப்படுவதில்லை. புளியங்கட்டை மேல் நாலு வெட்டு, கம்பியில் இரண்டு வீச்சு, மறுபடி நாலு வெட்டு. வாய் சாயச் சாய உடனே நிமிர்த்தப்படுகிறது. கத்தியும் அவ்வப்போது கல்லிலோ சாணையிலோ ஏறி வருகிறது. வீட்டுக் கத்தியோ ஆறு மாதம் தொடப்படாமல் கிடந்து, வாய் உருண்டுபோன பிறகு கம்பிக்கு வருகிறது. உருண்டுபோனதை நிமிர்த்த முடியாது. அங்கே புதிதாக ஒரு வாய் எழுப்ப வேண்டும். எஃகுக் கம்பியிடம் அந்த வேலையைக் கேட்பதில் நியாயமில்லை.

புதிதாக வாய் எழுப்ப இரும்பைத் தேய்த்தெடுக்கும் கம்பி வேண்டும். வைரத்தூள் பூசிய கம்பி வேகமாக எடுக்கும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ வரும் செராமிக் கம்பி மெதுவாக, வழவழப்பாக எடுக்கும். செராமிக் என்பது இங்கே பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. எந்தக் கத்தி எஃகையும்விடக் கடினமானது. தரையில் விழுந்தால் ஒடிந்துவிடும் என்பது ஒன்றே குறை. கையில் காசு செலவழிக்கப் பிரியமில்லாதவர்கள் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அடியில் மெருகு ஏறாத, சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் தீட்டினால் கத்தி கூர் ஏறும். அதுவும் அதே குடும்பத்துப் பொருள்தான்.

இனி, கோணம். வீட்டில் தீட்டுகிறவர்களின் நேரம் அதிகம் வீணாவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சமையலறைக் கத்தியின் இரண்டு பக்கமும் முதுகிலிருந்து மெல்ல இறங்கி வந்து, கடைசி ஒரு மில்லிமீட்டரில் சட்டென்று சரியும். அந்தச் சரிவுதான் தீட்டப்பட்ட பகுதி. பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி வரை வைத்துத்தான் சாதாரணக் கத்திகள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன; ஜப்பானியக் கத்திகள் 15 டிகிரிக்குப் பக்கத்தில். உங்கள் கத்தி 25 டிகிரி என்று வையுங்கள். நீங்கள் கம்பியில் 18 டிகிரியில் படுக்கவைத்து இழுக்கிறீர்கள். கம்பி அந்தச் சரிவின் மேல்விளிம்பை, அதாவது தோள்பட்டையை மட்டும் உரசிக்கொண்டு போகும். வாய்க்கும் கம்பிக்கும் நடுவே தலைமுடி நுழையும் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். நூறு இழுப்பு இழுத்தாலும் தோள்பட்டை பளபளக்கும், கை கடுக்கும், தக்காளி வழுக்கும். நேர்மாறாக 35 டிகிரிக்குத் தூக்கிப் பிடித்தால் வாய் மட்டும் கம்பியில் குத்தி, இருந்த கூரும் போய்விடும். எந்தப் பக்கம் தவறுகிறோம் என்று கைக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியவைக்க ஒரு மார்க்கர் பேனா போதும். கத்தியின் இரண்டு பக்கச் சரிவிலும், வாய் வரைக்கும், கறுப்பு மை பூசிவிடுங்கள். காய்ந்ததும் கம்பியில் மூன்றே இழுப்பு, அழுத்தாமல். இப்போது பாருங்கள். மை மேல்விளிம்பில் மட்டும் அழிந்து, வாயோரம் கறுப்பாகவே நின்றால் கத்தியை அதிகம் படுக்கவைத்திருக்கிறீர்கள். முதுகைச் சற்றுத் தூக்க வேண்டும். வாயோரம் மயிரிழை அளவுக்கு மட்டும் அழிந்தால் தூக்கியது கொஞ்சம் கூடுதல். சரிவு முழுவதும் அழிந்தால் அந்தக் கத்தியின் கோணம் உங்கள் கைக்குக் கிடைத்துவிட்டது. மை அழிந்த விதம் கத்தி நெடுகிலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால், இழுக்கும்போது மணிக்கட்டு திரும்புகிறது என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு நுனியை நெருங்கும்போதுதான் அது திரும்பும். மலிவாகக் கிடைக்கும் இந்தப் பேனாவைவிட நல்ல துணைக்கருவி தீட்டுகிற வேலையில் இல்லை.

கோணத்தைத் தோராயமாகவாவது எப்படிப் பிடிப்பது? ஒரு காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதை ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. சாதாரணக் கத்திக்கு அதுவே போதும். கம்பியின் நுனியை மேடையில் விரித்த ஈரத்துணியின் மேல் ஊன்றி, செங்குத்தாக நிறுத்துங்கள். மடித்த காகிதத்தைக் கம்பியோடு சேர்த்து வைத்து, அதன் சாய்வில் கத்தியைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கத்தியின் அடியிலிருந்து நுனி வரை, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு மறுபக்கம். கறிக்கடைக்காரரைப் போலக் கம்பியைக் காற்றில் பிடித்து வீசுவதைப் பார்க்க அழகாக இருக்கும். அவருக்கு ஒரு நாளில் வருகிற பழக்கம் நமக்கு ஒரு வருஷத்தில் வராது. ஊன்றித் தீட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை, விரலும் தப்பும்.

கோணத்தைக் கையிடம் விடாமல் கருவியிடமே விட்டுவிடுகிற ஏற்பாடுகளும் உண்டு. ஒரு கட்டையில் இரண்டு செராமிக் கம்பிகளை 'வி' வடிவில் செருகியிருப்பது ஒரு வகை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் செய்யும் ஷார்ப்மேக்கரில் மொத்தம் 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இரண்டு ஜோடித் துளைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு 15, 20. கம்பிதான் சாய்ந்திருக்கிறதே, கத்தியை நேர் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். இதிலும் மழுங்கலாகவே இருக்கிறது என்கிறவர்களிடம் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். கத்தி செங்குத்தாக இல்லாமல் வலக்கைப் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் 25 டிகிரி, மறுபக்கம் 15 என்று தீட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே ஒரு கதவு நிலையைப் பார்த்து, கத்தியின் முகத்தை அதற்கு நேராக வைத்தால் அது தீரும். அல்லது கத்தியின் பழைய கோணம் கம்பியின் கோணத்தைவிடப் பெரிது. அப்போது தோள்பட்டையைத் தேய்த்துத் தேய்த்து வாய்வரை வந்து சேர வேண்டும். மெல்லிய செராமிக்கில் அதற்கு மணிக்கணக்கு ஆகும். வைரக் கம்பியில் அந்த ஆரம்பவேலையை முடித்துவிட்டு செராமிக்குக்கு வரலாம். அவசரமென்றால் பெரிய கோணத் துளைக்கே கம்பியை மாற்றிக்கொண்டு வாயை நேரடியாகத் தொடலாம்.

இன்னொரு வகையில் கத்தியைக் கிடுக்கியில் இறுக்கி, தீட்டுகல்லை ஒரு கம்பியின் முனையில் மாட்டி, அந்தக் கம்பியைத் துளை வழியே ஓட்டுவார்கள். லான்ஸ்கி கருவியில் 17, 20, 25, 30 என்று துளைக்குத் துளை எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சிறிய மடக்குக் கத்திகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. துளை 4 சென்டிமீட்டர் உயரத்திலும் கத்தியின் வாய் துளையிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால் கோணம் 20 டிகிரி. அகலமான சமையல் கத்தியை மாட்டியதால் வாய் இன்னும் 2 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அதே துளையில் கோணம் 17 ஆகிவிடும். நீளமான கத்தியை நடுவில் ஒரே இடத்தில் இறுக்கினால், நுனியை எட்டும்போது தூரம் கூடி அங்கேயும் கோணம் குறையும். நடு கூராகவும் நுனி மழுங்கலாகவும் வருவதற்கு இதுவே காரணம். கத்தியை இரண்டு இடத்தில் மாற்றி இறுக்கித் தீட்ட வேண்டும். மறுநாள் மறுபடி தீட்டும்போது அதே இடத்தில் இறுக்க, முதுகில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

வாயைத் தொட்டாயிற்று. இப்போது பிசிறு.

ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருந்தால் இரும்பு வாயைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய தகடாகத் திரும்பும். அதுதான் பிசிறு. அது எழுந்தால்தான் வாய் வரை தேய்த்திருக்கிறோம் என்று உறுதி. எழவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவதில் பயனில்லை. கண்ணுக்கு எளிதில் படாது. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, கத்தியின் முகத்தில் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் தடவி விட்டால் பிசிறு உள்ள இடத்தில் இழை மாட்டி நிற்கும். கட்டைவிரல் சதையையும் அதே திசையில், வாய்க்குக் குறுக்காக, நகர்த்திப் பார்க்கலாம். வாய் நெடுக விரலை ஓட்டக் கூடாது.

தீட்டி முடித்ததும் பிரமாதமாக வெட்டுகிறது, ராத்திரிச் சமையலுக்குள் மழுங்கிவிடுகிறது என்பவர்களின் கத்தியில் பிசிறு அப்படியே இருக்கிறது. அந்தத் தகடு கூராக இருக்கும், ஆனால் நிற்காது. இரண்டு தேங்காய்ச் சில்லு நறுக்கியதும் மடங்கிவிடும். அதை எடுக்கத் தெரிவதில்தான் தீட்டுகிறவரின் கைநேர்த்தி இருக்கிறது. கத்தியின் சொந்த எடை மட்டும் கம்பியில் படும்படி, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, பத்துப் பன்னிரண்டு இழுப்பு. கடைசி இரண்டில் முதுகை ஒரு பொட்டுத் தூக்கிக்கொள்ளலாம். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னால் வரும்படி, அதாவது முதுகு முன்னே போகும்படி, பத்துத் தடவை இழுத்துவிட வேண்டும். முடிதிருத்தும் கடைகளில் முன்பு நாற்காலியோரம் தோல்வார் தொங்கியது இதற்காகத்தான். தோலில் குரோமியம் ஆக்சைடு பூசி இழுத்தால் சவர பிளேடுக்கு இணையான வாய் கிடைக்கிறது என்பதையும் வெர்ஹோவன் அதே அறிக்கையில் காட்டினார்.

அழுத்தம் பற்றித் தனியே சொல்லத்தான் வேண்டும். மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்டிய கோபம் தீட்டும்போது கம்பி மேல் இறங்கும். கத்தி கம்பியைத் தொடும் இடம் கடுகளவுதான். கையின் பலமெல்லாம் அந்தக் கடுகளவில் இறங்கினால் வாய் நொறுங்கும், மெல்லிய கத்தி வளைந்து கோணமும் மாறும். அதிகம் அழுத்தித் தீட்டுவதைவிட இன்னும் பத்து இழுப்பு சேர்த்துத் தீட்டலாம்.

நுனி உருண்டு போவதற்குக் காரணம் வேறு. இழுப்பின் முடிவில் கத்தி கம்பியை விட்டு வழுக்கி வெளியே போகிறது. ஒவ்வொரு முறையும் நுனி கம்பியின் விளிம்பில் உராய்கிறது. நுனி இன்னும் கம்பி மேல் இருக்கும்போதே கையை நிறுத்தப் பழகினால் போதும். அடிப்பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடக்கும். எப்போதும் ஒரே இடத்திலிருந்து இழுக்கத் தொடங்குவதால் பிடியை ஒட்டி ஒரு குழிவு விழும். வெண்டைக்காய் நறுக்கினால் அடியில் நார் அறாமல் துண்டுகள் சேர்ந்தே வருவது அந்தக் குழிவால்தான். பலகையைக் கத்தி அந்த இடத்தில் தொடுவதே இல்லை. இது கம்பியில் தீராது, தட்டையான கல்லில் மொத்த வாயையும் சமன் செய்தாக வேண்டும்.

நேற்றுவரை நன்றாகத் தீட்டிய செராமிக் கம்பி இன்று வழுக்கினால் அதன் மேல் சாம்பல்நிறக் கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது கத்தியிலிருந்து வந்த இரும்புத்தூள். துளைகளை அடைத்துக்கொண்டு கம்பியைக் கண்ணாடியாக்கிவிடும். பாத்திரம் துலக்கும் பவுடரும் பச்சை நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் வெள்ளை திரும்பும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் உரசினாலும் ஓரளவு போகும். எண்ணெய் விடக் கூடாது. வரி ஓடிய எஃகுக் கம்பிக்கு ஈரத்துணியால் துடைப்பதே போதும். வரிகள் தேய்ந்து குரோமியம் உரிந்திருந்தால் அதற்கு வயதாகிவிட்டது.

அரிவாள்மனையை மறந்துவிட வேண்டாம். கம்பிக்கு உண்மையான உபயோகம் அங்கேதான் என்றுகூடச் சொல்லலாம். அதன் வாய் உள்வளைவாக இருக்கும் இடத்தில் தட்டையான கல் இரண்டு ஓரத்தில் மட்டும் தட்டி நிற்கும், நடுவைத் தொடாது. உருண்டையான கம்பி வளைவுக்குள் புகுந்து போகும். மனையை யாரும் அசைக்காதபடி சுவரோரம் வைத்து, கைக்குத் துணி சுற்றி, கம்பியை முதுகுப்பக்கத்திலிருந்து வாயை நோக்கி வெளியே தள்ளுவதே பத்திரம். புளியும் மாங்காயும் வாழைக்கறையும் பட்ட கரி எஃகு ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடிக்கும், துரு வாயைத்தான் முதலில் தின்னும். கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கிற பழைய பழக்கத்துக்கு மாற்று எதுவும் வரவில்லை.

நெல் அறுக்கும் பன்னரிவாளைக் கம்பிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நெற்பயிரில் சிலிக்கா மிகுதி, அறுவடையில் எந்த வாயையும் அது சீக்கிரம் தின்றுவிடும். பிசான அறுவடைக்கு முன் பட்டறையில் கொடுத்துப் பல் வெட்டி வாங்குவதுதான் முறை. கம்பியில் தேய்த்தால் மிச்சமிருக்கும் பல்லும் மழுங்கிவிடும்.

கத்திரிக்கோல் விஷயம் இந்த வட்டாரத்தில் கூலியோடு சம்பந்தப்பட்டது. முக்கூடல், கடையம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையை அளவுத் தகடு வைத்துக் கத்திரியால் வெட்டிய பிறகே சுற்ற முடியும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கத்திரி மழுங்கினால் இலை கிழியும், நேரமும் போகும். கத்திரியின் ஒவ்வொரு தகட்டிலும் வெளிப்பக்கம் மட்டும்தான் சரிவு உண்டு, அதை மட்டுமே கம்பியில் தீட்ட வேண்டும். இரண்டு தகடும் ஒன்றையொன்று உரசும் தட்டையான உட்பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்துவிட்டால் நடுவில் இடைவெளி விழுந்து இலை வெட்டுப்படாமல் மடங்கும். 'கத்திரி லூசாப் போச்சு' என்று மரையை இறுக்குகிற பல வீடுகளில் நடந்திருப்பது இதுதான்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கூர் நிற்கவில்லை என்றால் அப்போது கத்தியைச் சந்தேகிக்கலாம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டபோது, வெட்டாத கத்திக்காரர் என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்த எஃகு எத்தனை சூட்டில் கடினமாகும் என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் அதைப் பிடித்த பிறகே எவர்சில்வர் கத்தி பிழைத்தது. இன்றும் மிக மலிவான கத்திகளில் கரி குறைவு, பதமும் குறைவு. அவை சீக்கிரம் கூர் ஏறும், சீக்கிரம் இறங்கும். அப்படிப்பட்ட கத்திக்குக் கறிக்கடை வழக்கமே மருந்து: தினமும் சமைக்கும் முன் கம்பியில் நாலு இழுப்பு.

நல்ல பதமுள்ள கத்தியையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. உலர்ந்த சாணைச் சக்கரத்தில் பொறி பறக்க அழுத்திப் பிடித்தால், வாயில் நீலம் பாயும். கரி எஃகு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். அங்கே பதம் இறங்கிவிட்டது. நீலம் பட்ட பகுதி தேய்ந்து போகும்வரை எந்தக் கம்பியாலும் அதில் கூர் நிற்க வைக்க முடியாது. நல்ல சாணைக்காரர் அடிக்கடி தண்ணீரில் தோய்ப்பார். சூடேறாமல் தீட்டலாம் என்பதே வீட்டுக் கம்பிக்குள்ள பெரிய பெருமை.

இரும்பின் பதத்தை அறிந்த கைகள் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் தாழிகளோடு கிடைத்தன. அதற்குப் பக்கத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தென்னிந்திய உருக்கு, மேற்கே போய் டமாஸ்கஸ் வாளானதன் உலோக இரகசியத்தை ஆல்பிரட் பெண்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து ஆராய்ந்து 1998இல் எழுதியவரும், மேலே பார்த்த அதே வெர்ஹோவன்தான். நம் உருக்கில் இருந்த துளி வெனேடியம் போன்ற கலப்புகளே அந்த வாளின் அலைக்கோலத்துக்குக் காரணம் என்பது அவர் கண்டது. அப்படி உருக்கைப் படித்த மனிதர்தான் உட்கார்ந்து சமையல் கத்தியையும் தீட்டிப் பார்த்தார். சமையலறைக் கூர்மைக்கு நம் வீடுகளிலும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். தினம் மூன்று வேளை மழுங்கிய கத்தியோடு போராடி, அது வழுக்கி விரலை வெட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதை அவர்கள் கைவாகின் குறையாகப் பேசுவதை நிறுத்த வேண்டும்.

தீட்டிய கூரைக் காப்பதற்குச் சில விஷயங்கள். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் ஒரே நாளில் போய்விடும். மரப்பலகைதான் கத்திக்குத் தோழன். பொங்கலுக்கு வரும் சிறுகிழங்கும் சேனையும் மண்ணோடு வருபவை. மணலில் உள்ள குவார்ட்ஸ் எந்தக் கத்தியையும்விடக் கடினம் என்பதால், தண்ணீரில் ஊறப்போட்டு அலசிய பிறகே கத்தி வைக்க வேண்டும். நறுக்கிய காயைப் பலகையிலிருந்து சட்டிக்குத் தள்ளும்போது வாயால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழிக்கலாம். கரண்டிகளோடு சேர்த்து டப்பாவில் போடுவதும் கூடாது.

வாயில் கண்ணுக்குத் தெரிகிற பல் விழுந்திருந்தால் கம்பியை எடுக்கவே வேண்டாம். பல்லின் ஆழம்வரை மொத்த வாயையும் இறக்கியாக வேண்டும், அது சொரசொரப்பான கல்லுக்கோ பட்டறைக்கோ உரிய வேலை. அங்கிருந்து வந்த பிறகு கம்பி பார்த்துக்கொள்ளும்.

தீட்டி முடித்த கத்தியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். கழுவித் துடைத்துவிட்டுப் பழைய செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அடி முதல் நுனி வரை அறுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் சிக்கிக் கிழிகிறதோ அந்த இடத்தை மார்க்கரால் குறித்து, அங்கே மட்டும் இன்னும் நாலு இழுப்பு. அப்புறம், வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் கத்தி இன்றைக்குத் தீட்டியாயிற்று என்று சொல்லிவிடுங்கள். மழுங்கிய கத்திக்குப் பழகிய கை பழைய வேகத்திலேயே அழுத்தும். முதலில் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிப் பார்த்துவிட்டு மற்றக் காய்க்குப் போகலாம்.